கல்வராயன் மலையில் கைகோத்து ஆடிய கால்பந்து

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து பல் தேய்த்தேன். பல் தேய்க்கும் முன் நான் எதையும் தொடுவதில்லை, செய்தித்தாளைக்கூட. பிறகு பாலில்லாத தேயிலை, கடற்கரை வரை ஒரு நடை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். வள்ளங்கள் கரையேறுவதற்குள் பையன்கள் மணலில் ஓர் ஆட்டம் முடித்திருப்பார்கள். அன்றும் முடித்திருந்தார்கள். அதன்பின் பள்ளி, எட்டாம் வகுப்புக்குப் பின்னம், ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல். மாலையில் பை கட்டினேன்: இரண்டு விசில், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, கறுப்புச் சட்டை, விதிப்புத்தகம், இந்த நாட்குறிப்பு.

கணக்கு வாத்தியார் வேலை போக நான் கால்பந்து நடுவர். கள்ளக்குறிச்சி வட்டாரச் சிறு கல்லூரிகளின் ஆண்கள் மண்டலப் போட்டிக்கு, இறுதியாட்டத்தை நடத்த வெளியூர் நடுவர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உள்ளூர் நடுவர் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு கல்லூரியில் மைத்துனன் இருக்கிறானாம்.

"கள்ளக்குறிச்சியில ஆருக்குப் பந்து களிக்கத் தெரியும்?" என்றாள் என் மனைவி.

"அதைப் பார்க்கத்தான் போறேன்" என்றேன்.

பிப்ரவரி 8, சனி. விடுதி பேருந்து நிலையத்துக்குப் பின்னால். அறையில் ஐந்து சுவிட்ச். மின்விசிறிக்கானது குளியலறையில் இருந்தது. அதைச் சொன்னபோது விடுதிக்காரர் பெருமைப்பட்டார். ஐம்பது வயதுள்ள பாய். கீழே செருப்புக்கடையும் அவருடையதுதான்.

"தண்ணி ஊத்திக்கினு குளிக்கும்போதே ஃபேன போட்டுக்கலாம் சார். எந்த லாட்ஜுல இருக்கு இந்த வசதி? சரி, இன்னா விசயமா வந்துருக்கீங்க?"

"கால்பந்து. நடுவர்."

"அதெல்லாம் இங்க கம்மி சார். கபடின்னு சொல்லுங்க, கடைய சாத்திட்டு நானே வந்து உக்காந்துக்கினு பாப்பேன்."

காலையில் ஓர் உணவகத்தில் இட்லிக்கு மீன்குழம்பு கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச் சொன்னார். எங்கள் ஊரில் காலையில் மீன் இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பொருள். இங்கே மூன்று சட்னி கொடுத்தார்கள். மூன்றும் ஒரே சட்னி, நிறம்தான் வேறு.

அரையிறுதி ஆட்டங்கள் இரண்டும் ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி மைதானத்தில். எனக்கு வேலை ஞாயிற்றுக்கிழமைதான் என்றாலும் அணிகளை முன்கூட்டியே பார்த்துவிடுவது என் வழக்கம். மைதானத்தின் ஒரு பக்கத்தில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தாளாளர் வீட்டுக் கல்யாண வரவேற்பாம். "அப்போ இறுதியாட்டம்?" என்று கேட்டேன். அதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் ஆட்டம், அந்தத் தனியார் கல்லூரிக்கும் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கும். திருக்கோவிலூர்க்காரர்களின் பயிற்சியாளர் கைப்பந்து ஆட்டக்காரராக இருந்தவர் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கோல்கீப்பர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. வந்ததையெல்லாம் இரண்டு கையாலும் நேர் மேலே தட்டிவிட்டு, யாராவது ஓடிவந்து அடிப்பார்கள் என்று காத்திருந்தார். எதிரணியினர் ஓடிவந்து அடித்தார்கள்.

ஜெயித்த தனியார் கல்லூரியின் பயிற்சியாளர் பெயர் வினோத். முப்பது வயது இருக்கும். சட்டை முதுகில் 'ஹெட் கோச்' என்று அச்சடித்திருந்தது; அவருக்குக் கீழே வேறு கோச் யாரையும் நான் பார்க்கவில்லை. கையில் டேப்லெட். அவர் பாணி, பந்தைக் கோல்கீப்பரிடமிருந்து தொடங்கிச் சின்னச் சின்னப் பாஸாக முன்னே கொண்டுபோவது. டிவியில் பார்க்க நன்றாக இருக்கும். இவர் பையன்கள் நடுக்கோடு வரை வந்துவிட்டு, ஏதோ அடுப்பை அணைக்க மறந்தவர்கள் மாதிரி திரும்பக் கோல்கீப்பரிடமே கொண்டுபோனார்கள். கோல்கீப்பருக்குக் காலால் பந்தை நிறுத்தத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் தடுமாறினார், ஒவ்வொரு தடவையும் வினோத் "குட் ஐடியா!" என்று கத்தினார்.

இரண்டாவது ஆட்டத்தைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும். தியாகதுருகம் பக்கத்துக் கல்லூரிக்கும், வெள்ளிமலைக்கு மேலே உள்ள ஒரு சிறிய கல்லூரிக்கும். மலைக் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் தனசேகர். எல்லாரும் கபடி மாஸ்டர் என்றார்கள். கட்டையான மனிதர், தொடை தூண் மாதிரி.

எதிரணி தாக்க வரும்போது மலைக் கல்லூரியின் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேர் கைகோத்துக்கொண்டார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கைகோத்துத்தான் இருந்தார்கள். கபடியில் பாடி வருகிறவனை மடக்க நிற்பார்களே, அந்தச் சங்கிலி. நடுவில் நிற்பவன் சீழ்க்கையடித்தால் நான்கு பேரும் ஒரே அடியாக முன்னே நகர்ந்தார்கள். எதிரணியின் முன்கள ஆள் ஆஃப்சைடில் மாட்டினான். திரும்பத் திரும்ப மாட்டினான். ஒரு தடவை சங்கிலியில் ஒருவனுக்குக் கால் தடுக்க, நான்கு பேரும் மொத்தமாக விழுந்தார்கள்.

அவர்கள் தாக்குதலும் அதே மாதிரிதான். செல்வம் என்று ஒருவன், ஒல்லி, தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மற்றவர்கள் நின்று பார்த்தார்கள். உதைத்தான், உள்ளே போனதா வெளியே போனதா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி நடுக்கோட்டுக்கு ஓடிவந்து அதைக் காலால் தொட்டான். வாயில் பாட்டு ஒன்றுதான் இல்லை.

நான் விதிப்புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். எதிரியைப் பிடித்தால் குற்றம். தன் அணிக்காரன் கையைத் தான் பிடிப்பதற்கு எங்கும் தடையில்லை. இப்படி ஆடுவார்கள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

இன்னொன்றும் கவனித்தேன். சற்று நேரம் மலைக் கல்லூரி பத்துப் பேரோடு ஆடியது. ஒருவன் கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். காலில் அடி போலிருக்கிறது என்று நினைத்தேன். செல்வம் கோல் போட்டதும் அவன் துள்ளி எழுந்து உள்ளே ஓடினான். அந்த ஆட்டத்தை நடத்திய உள்ளூர் நடுவர் இதைப் பார்க்கவேயில்லை. அவருக்குப் பார்க்க வேண்டிய மைத்துனர்கள் இருந்திருக்கலாம்.

அந்த ஒரே கோலில் மலைக் கல்லூரி ஜெயித்தது. வரவேற்புப் பந்தல் அதற்குள் கோல் கம்பம் வரை வந்துவிட்டதால் இறுதியாட்டம் மறுநாள் மலைமேல், அவர்கள் மைதானத்தில் என்று முடிவாயிற்று. வினோத் ஆட்சேபித்தார். தாளாளர் வீட்டுக் கல்யாணத்தை ஆட்சேபிக்க முடியாததால் மலையை ஆட்சேபித்தார். யாரும் கேட்கவில்லை.

மாலை பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் தனசேகர் என்னைப் பார்த்துவிட்டார். என் டீக்கு நான்தான் காசு கொடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"இருக்கட்டுங்க சார். எங்க பசங்க ஆட்டம் எப்டிங்க?"

"அது கால்பந்து இல்லை."

அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரிஞ்சது கபடிங்க சார். பிரின்சிபால் ஃபுட்பால் டீம் போடுன்னாரு, போட்டேன். பசங்களுக்கு ஓடத் தெரியும், ஒன்னா சேந்து நிக்கத் தெரியும். அத வெச்சிக்கினுதான் ஓட்டறேன்."

"வெளியே உட்கார்ந்திருந்தானே ஒருத்தன்?"

"அது... கெண்டக்கால் இழுத்துக்கினு இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு அவசரமாக டீயை ஆற்றினார். பிறகு வேறு பேச்சுக்குப் போனார். "நடுவுல நின்னு விசிலடிச்சான் பாருங்க, கரியராமன். அவன்தான் கேப்டன். கடைசி வருசம். நாளைக்கு ஜெயிச்சி மண்டலங்களுக்கு இடையில நடக்கற போட்டிக்குப் போய் ஆடிட்டான்னா சர்ட்டிபிகேட் வந்துரும். வந்துச்சுன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டால உடற்கல்வி படிக்க சீட்டு. நானே பேசி வெச்சிருக்கேன். இல்லன்னா அவங்க அண்ணன் மாதிரி கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போய்டுவான். மேஸ்திரி முன்பணத்தோட வந்து வூட்டாண்ட உக்காந்துக்கினு கீறான்."

"இதை நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"தெரியும் சார். சும்மா சொன்னேன்" என்றார். சும்மா சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு. மலைக்கு முதல் பேருந்து. விசிலும் அட்டைகளும் போதும் என்று விதிப்புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். இந்த ஆட்டத்துக்குப் புத்தகம் ஒரு கேடா என்று நினைத்தேன்.

கோமுகி அணையைத் தாண்டும்வரை பேருந்து ஒழுங்காகப் போயிற்று. மலை ஏறத் தொடங்கியதும் இருமியது. மூன்றாவது திருப்பத்தில் நின்றது. ஓட்டுநர் இறங்கி, முன்பக்கத்தைத் திறந்து, பார்த்து, மூடி, பீடி பற்றவைத்தார்.

"இன்னாண்ணே ஆச்சு?" என்று பின்னிருக்கையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஒன்னுமில்ல. கோவிச்சிக்கினு கீது. ஆறனதும் வரும்."

"நீ கோவிச்சிக்காத, அது போதும்."

பின்னால் வந்த ஜீப் நின்றது. உள்ளே மலைக் கல்லூரி அணி; ஜீப்புக்கு மேலும் நாலு பேர். "ரெஃப்ரி சார், ஏறுங்க" என்றார் தனசேகர். ஆடப்போகும் அணியோடு நடுவர் ஒரே வண்டியில் போகக் கூடாது என்று விளக்கினேன். அவர்கள் புரியாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். சிறிது நேரத்தில் வினோத்தின் வேன் வந்தது. அதற்கும் அதையே சொன்னேன். கடைசியில் ஆடு ஏற்றிய ஒரு சரக்கு வண்டி என்னை ஏற்றிக்கொண்டது. ஆடுகள் எந்தக் கல்லூரியையும் சேர்ந்தவை அல்ல. என் கறுப்புச் சட்டையின் கீழ்ப்பொத்தானை அவற்றில் ஒன்று தின்றுவிட்டது.

மேலே குளிர் இருந்தது. சாலை ஓரமெல்லாம் மரவள்ளிக் காடு. எங்கள் பக்கம் மரச்சீனி என்போம். வேகவைத்து மீன்குழம்போடு சாப்பிடுவோம். இங்கே குச்சிக்கிழங்கு என்கிறார்கள், பிடுங்கி லாரியில் ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிறார்கள். நல்ல கிழங்கையும் நல்ல கால்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத ஊர் என்று குறித்துக்கொண்டேன்.

மைதானம் செம்மண். நடுவில் மாடு ஒன்று படுத்திருந்தது. அதை எழுப்ப யாருக்கும் அவசரமில்லை. நான் விசில் ஊதினேன், அது அசைபோட்டது. கடைசியில் கரியராமன் போய் அதன் காதில் ஏதோ சொன்னான், எழுந்து போயிற்று. உயரமான பையன், முகத்தில் சிரிப்பு குறைவு. ஓரமாக ஆணும் பெண்ணுமாக நிறைய கூட்டம். துணை நடுவர்களாக இரண்டு விரிவுரையாளர்கள், ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒருவர், கையில் கொடி. ஆட்டம் முழுக்க அவர்கள் கொடி தூக்கியது ஒரே ஒரு தடவை, வெயில் மறைக்க.

முற்பாதியில் செல்வம் ஒற்றையாகப் புகுந்து ஒரு கோல் போட்டான், வழக்கம்போல நடுக்கோட்டைத் தொட ஓடினான். வினோத்தின் பையன்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கி, அந்தச் சங்கிலியின் முன்னால் வந்து, ஆஃப்சைடில் மாட்டி, திரும்பிப் போனார்கள்.

"ஸ்பேஸ்! ஸ்பேஸ் கண்டுபிடிங்கடா!" என்று கத்தினார் வினோத்.

"மலையில எடமா இல்ல? அங்க பாரு, காடு பூரா கெடக்குது!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

பிற்பாதியில் வினோத் அணிக்கு ஒரு கார்னர். பந்து உயர்ந்து வந்தது. கோலுக்கு முன்னால் சங்கிலி. எனக்கும் சங்கிலிக்கும் நடுவே ஏழெட்டு முதுகுகள். பந்து எதிலோ பட்டு, திசை மாறி, கோல்கோட்டுக்கு வெளியே போயிற்று. நான் மறுபடியும் கார்னர் என்று கை காட்டினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. வினோத்தின் ஆள் பந்தை எடுக்கப் போய்விட்டான்.

அப்போது கரியராமன் சங்கிலியிலிருந்து கையை உருவிக்கொண்டான். ஒரு கையை மேலே தூக்கியபடி நேராக நடந்து, பக்கக்கோட்டைத் தாண்டி, வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"எங்கே போறே?" என்றேன்.

"கையில பட்டுச்சிங்க சார். அவுட்டு."

தனசேகர் தலையில் கை வைத்தார். "டேய் கரியராமா! இது மேட்ச்சுடா! எந்திரிடா!"

"பட்டுச்சி மாஸ்டர்."

"பட்டா அவரு பாத்துக்குவாரு! நீ எதுக்குடா சொல்ற?"

"அவரு பாக்கலையே."

உண்மை, நான் பார்க்கவில்லை. முப்பதாண்டுகளாகக் கால்பந்தோடு வாழ்கிறவன் நான். எங்கள் கரையில் பந்து கையில் பட்டவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சர்ச்சுக்குப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். அதுவும் பயிற்சியில் ஒரு பாடம்தான். இந்தப் பையனுக்கு அதைக்கூட யாரும் சொல்லித்தரவில்லை.

ஆட்டம் இன்னும் மறுபடி தொடங்கவில்லை, தடுத்தவனே ஒப்புக்கொள்கிறான். பெனால்டி கொடுத்தேன். என் அனுமதியில்லாமல் மைதானத்தை விட்டு வெளியேறியதற்காகக் கரியராமனுக்கு மஞ்சள் அட்டை காட்டினேன். பெனால்டி உள்ளே போயிற்று. ஒன்றுக்கு ஒன்று.

"எழுந்து உள்ளே வா" என்றேன். "உனக்கு மஞ்சள்தான். ஆடலாம்."

"எங்க ஆளுங்க ஒரு கோல் போடட்டுங்க சார். வந்துர்றேன்."

வெளியே போ என்று சிவப்பு அட்டை காட்டினால் போகாமல் என்னோடு மல்லுக்கு நின்றவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே வா என்று கூப்பிட்டு வராதவனை அன்றுதான் பார்த்தேன். இரண்டு அணியும் பார்க்க, கையை நன்றாக வீசி, உள்ளே வரும்படி சைகை காட்டினேன். அவன் தலையாட்டி மறுத்தான்.

"அவுட்டுன்னா அவுட்டுதானங்க சாரு? எதுக்கு சும்மா கூப்புடறீங்க?" என்றாள் விறகுச் சுமையைப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு நின்ற ஒரு பெண். கூட்டம் அவள் கட்சி. "குந்து கரியராமா! செலுவம் எழுப்பிவுடுவான்!"

பந்து வெளியே போன ஒரு சமயத்தில் தனசேகர் கோட்டோரமாக என்னோடு ஓடிவந்தார். "என் தப்புதாங்க சார். பயிற்சிக்குப் பதினாலு பேருதான் வருவானுங்க. கை வெச்சி ஆடற பழக்கம் போவணும்னு ஒரு ரூல் போட்டேன். கையில பட்டா வெளிய குந்தணும், அவன் சைடு கோல் போட்டா எந்திரிச்சி வரணும். கபடியில அப்டித்தானங்க? மேட்ச்சுல வேணாம்டான்னு எத்தினியோ தடவ சொல்லிட்டேன். நேத்தும் ஒருத்தன் குந்திட்டான்."

"கெண்டைக்கால் என்றீர்களே."

"மன்னிச்சிக்கங்க சார்."

இப்படியொரு பயிற்சி. இவருக்கு ஓர் அணி. அந்த அணி இறுதியாட்டத்தில். நான் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடரவிட்டேன்.

சங்கிலியில் இப்போது மூன்று பேர், பல் விழுந்த சீப்பு மாதிரி. சீழ்க்கையடிக்க ஆளில்லாமல் அது இழுத்த பக்கமெல்லாம் போயிற்று. வினோத்தின் பையன்கள் அந்த ஓட்டை வழியாக நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. ஆள் குறைந்த எதிரணிக்கு எதிராகவும் அவர்கள் பந்தைத் தங்கள் கோல்கீப்பருக்குத்தான் கொடுத்தார்கள். டேப்லெட்டில் அப்படித்தான் இருந்ததோ என்னவோ. அப்படிக் கொடுத்த ஒரு பந்தைக் கோல்கீப்பர் காலால் நிறுத்தப் பார்த்துத் தவறவிட்டார். செல்வம் அங்கே இருந்தான். இரண்டுக்கு ஒன்று.

செல்வம் நடுக்கோட்டைத் தொடுவதற்குள் கரியராமன் எழுந்து உள்ளே பாய்ந்துவிட்டான். முதல் தடவையாக அவன் சிரித்ததைப் பார்த்தேன். கூட்டம் ஊளையிட்டது.

"சார்! சார்!" வினோத் உள்ளே ஓடிவந்தார். "பர்மிஷன் இல்லாம உள்ள வந்துட்டான்! ரெண்டாவது மஞ்சள்! ரெட் காட்டுங்க சார்!"

மனிதர் விதி படித்திருந்தார். அனுமதியில்லாமல் உள்ளே வந்தால் மஞ்சள். ஏற்கெனவே ஒன்று வாங்கியவனுக்கு இரண்டாவது மஞ்சள், சிவப்பு. இறுதியாட்டத்தில் சிவப்பு வாங்கியவனை அடுத்த போட்டிக்கான அணியில் சேர்க்கக் கூடாது என்பது இந்த மண்டலத்தின் சட்டம். அணி ஜெயித்துப் போகும், கரியராமன் போகமாட்டான். தனசேகருக்கு அது எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. அவர் கோட்டுக்கு வெளியே, கரியராமன் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், பொத்தென்று உட்கார்ந்தார்.

என் விரல் பையில் அட்டையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அனுமதி கொடுத்தேன்" என்றேன்.

"எப்ப சார்?"

"பெனால்டி முடிந்ததும். கை வீசிக் கூப்பிட்டேன். நீங்களும் பார்த்தீர்கள்."

"அது அப்ப சார்! அவன் வரலையே! எவ்ளோ நேரம் ஆச்சு!"

"கொடுத்த அனுமதியை நான் திரும்ப வாங்கவில்லை. அதைப் பயன்படுத்த அவன் தாமதித்தான். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு என்று எந்த விதி சொல்கிறது? காட்டுங்கள்."

வினோத் டேப்லெட்டை எடுத்தார். தடவினார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மலையில் சிக்னல் இல்லை. என் புத்தகம் கள்ளக்குறிச்சி விடுதி அறையில். அந்த மைதானத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் விதி தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியாது. என் குரல் மட்டும் நிச்சயமாக இருந்தது. வகுப்பறையில் பழகிய குரல்.

"நாளைக்கே கமிட்டிக்குக் கம்ப்ளைன்ட் எழுதறேன்" என்றார் வினோத்.

"எழுதுங்கள். ஆட்டம் நடு வட்டத்திலிருந்து."

மீதி நேரத்தில் நான்கு பேர் கைகோத்து நின்றார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. மலைக் கல்லூரி ஜெயித்தது. இவ்வளவு மோசமான இறுதியாட்டத்தை நான் நடத்தியதில்லை என்று அங்கேயே குறித்துக்கொண்டேன்.

கல்லூரித் தாழ்வாரத்தில் வாழையிலையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். ஓரமாக வேகவைத்த கிழங்கு. கிழங்கு நன்றாக வெந்திருந்தது. மீன் இல்லாமல் அது பாதிச் சாப்பாடுதான். கரியராமன் தண்ணீர் ஊற்ற வந்தான்.

"சார், ஒன்னு கேக்கலாங்களா?"

"கேள்."

"எனக்கு மஞ்சள் காட்டனீங்களே, அது எதுக்கு சார்? கையில பட்டதுக்குத்தான் பெனால்டி குடுத்துட்டீங்களே."

"நீயாக வெளியே போனதற்கு. நான் சொன்னால்தான் போக வேண்டும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நீங்கதான் பாக்கலையே சார். அப்பறம் யாரு சொல்லுவா?"

"யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் ஆட்டம்."

அவனுக்கு அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனான். இனிமேல் அவன் உடற்கல்வி படித்து, வாத்தியாராகி, இன்னும் நூறு பையன்களுக்கு இதே மாதிரி ஆடச் சொல்லித்தருவான். நினைக்கவே பயமாக இருந்தது.

கீழே இறங்கும் பேருந்து கோபித்துக்கொள்ளாமல் வந்தது. விடுதியில் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு சார் ஜெயிச்சது?"

"மலைக்காரர்கள்."

"நெசமாவா? ஃபுட்பால்லயா?"

"இல்லை, கபடியில்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார் அவர், முழுத் திருப்தியோடு.

அறையில் விதிப்புத்தகம் மேசைமேல் வைத்த இடத்தில் இருந்தது. களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைத் திறக்காமல் குளியலறைக்குப் போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்து படுத்தேன். வினோத் கமிட்டிக்கு என்ன எழுதுவார் என்பதை அவர் நடையில், அவருடைய ஆங்கிலத்தோடு, படுத்தபடியே முழுவதும் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்.

பிப்ரவரி 10, திங்கள். ஐந்து மணிக்கு எழுந்தேன். விதிப்புத்தகத்தை எடுத்தேன். ஆட்டக்காரர்கள் வெளியேறுவதும் திரும்ப உள்ளே வருவதும் பற்றிய பகுதியை வரி வரியாகப் படித்தேன். நடுவரின் அனுமதி வேண்டும் என்றிருந்தது. அனுமதி எவ்வளவு நேரம் செல்லும் என்று எங்கும் இல்லை. வரியின்மேல் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தேன். இல்லை. பிறகு பல் தேய்த்தேன்.